மனைவி புலம்பல், பக்கம் பதினொன்று

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழும்பினேன். மழை இல்லை. தேத்தண்ணீர், இரண்டு துண்டு பாண், ரத்த அழுத்தக் குளிசை. 6.25க்குக் கோலியர்ஸ் வுட்டில் வீட்டுக் கதவைப் பூட்டினேன். மருத்துவமனைக்கு நடை இருபத்திரண்டு நிமிடம். ஏழு மணிக்கு ஆய்வுகூடத்தில் என் கதிரையில் இருந்தேன்.

வார்டுகளிலிருந்து வரும் ரத்தக் குழாய்களில் ஒட்டியிருக்கும் பெயரும் பிறந்த திகதியும் கூட வரும் படிவத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஓர் எழுத்துப் பிசகினாலும் குழாயைத் திருப்பிவிட வேண்டும். திருப்பினால் நோயாளியின் கையில் மறுபடி ஊசி ஏறும். அன்று ஒன்பது குழாய்களைத் திருப்பினேன். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. வரும் வழியில் வெங்காயமும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கினேன். இவ்வளவும் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பில் ஒரு நாளும் தவறவில்லை.

4.15க்கு அக்கா வந்தாள்.

அக்கா கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில், தனியே இருக்கிறாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். சொல்லாமல் வருகிற பழக்கம் இல்லை. சப்பாத்தைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றவில்லை. போனை என் மேசையில் வைத்து, "இதை வாசி" என்றாள்.

போனில் இருந்தது அத்தானின் கல்வெட்டு. அத்தான் அக்காவின் கணவர். பெப்ரவரி நடுவில், அமெரிக்க நகரம் ஒன்றில், கூட்டத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபடியே இதயம் நின்று செத்துப்போனார். பொருளியல் படித்தவர். அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, பிறகு நகரசபைக்கும் அதன்பின் மாநில சட்டசபைக்கும் போனவர். உடலை அங்கேயே எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கை அவருடைய தமையனார் வெம்பிளியில் மண்டபம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தது. அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் எல்லார் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது எங்கள் வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்போம். செத்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு ஒவ்வொரு உறவும் பாட்டாக அழுவதுபோல ஒவ்வொரு புலம்பல். உண்மையில் அந்தப் பாட்டை ஒருவரும் அழுவதில்லை. அச்சகக்காரரிடம் மனைவிக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று, மருமக்களுக்கு ஒன்று என்று தயாராக இருக்கும்.

வாழ்க்கை வரலாறு நான் எழுதியது. கீழே 'மைத்துனர்' என்று போட்டிருந்தது. எனக்குத் திகதி பிசகாது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் தமையனார் அந்த வேலையை என்னிடம் தந்தார். முழுப் புத்தகத்தையும் பிழை பார்ப்பதும் என் பொறுப்பு. நான் 'சரி' என்று அனுப்பினால்தான் அச்சகக்காரர் மெஷினை ஓட்டுவார். புதன் காலை எட்டு மணிக்கு ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"வாசிச்சிட்டன் அக்கா. நேற்றே பாத்தனான்."

"பதினோராம் பக்கத்தை எனக்குக் கேட்க வாசி."

பதினோராம் பக்கம் மனைவி புலம்பல். நான் வாசிக்கவில்லை. அவளே எடுத்து வாசித்தாள், வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில்.

"'கைப்பிடித்த மன்னவனே, கண்ணுறங்கப் போனீரோ.' கைப்பிடிச்சவர் எண்டது சரிதான். பிடிச்சாப் பிறகுதானே முறிச்சவர். 'பூவாய் எனைத் தாங்கி, பொன்னாய்ப் பொதிந்தவரே.' ஆரடா இதைப் பாடினது? எனக்கு ஒரு பாட்டும் வராது, இவ்வளவும் எப்பிடிப் பாடினனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"சரி, அது அச்சகக்காரற்றை. அவருக்கு என்னைத் தெரியாது. ஆறாம் பக்கம் உன்ரை."

ஆறாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: 'லண்டனில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் நிறவெறியர்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அவருடைய அன்பு மனைவியும் அத்தாக்குதலில் கை முறிந்து துன்புற்றார். அந்த நாளே அவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்தது.'

"இதை ஏன் எழுதினனீ?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே அக்கா."

"எல்லாருக்கும் நீ சொன்ன கதை."

அந்த நாள் 1994 நவம்பர் 12, சனிக்கிழமை. அலுமாரியிலிருந்து அந்த ஆண்டின் நாட்குறிப்புக் கொப்பியை எடுத்து வைத்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் மூவரும் இதே கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அக்கா பாண் பேக்கரியில் ஷிப்ட். அத்தான் கூலியும் வறுமையும் பற்றி ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். அன்று மாலை 4.30க்கு அத்தானும் நானும் சாமான் வாங்கிக்கொண்டு ரயில் பாலத்துக்குக் கீழே வந்தோம். நாலு பெடியன்கள். முதலில் துப்பினார்கள். அத்தான் நின்று, பிழையில்லாத ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ஒருவன் பியர்ப் போத்தலால் அவர் நெற்றியில் அடித்தான். போத்தல் உடையவில்லை. இரண்டாம் அடிக்குத்தான் உடைந்தது. விழுந்தவரை நாலு பேரும் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். விலாவில், முதுகில், முகத்தில். மாப் பை உதைபடுகிற மாதிரி மொத்தென்ற சத்தம். கையில் இருந்த பைகளைப் போட்டுவிட்டு நான் ஓடினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். ஆளைக் கூப்பிடப் போனேன் என்று பிறகு சொன்னேன். நான் யாரையும் கூப்பிடவில்லை.

அவர்கள் போனபின் திரும்பி வந்து அவரைத் தூக்கினேன். ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தபடியே வந்தார்.

வீட்டில் அக்கா துவாயை நனைத்து ரத்தத்தைத் துடைத்தாள். நான் ஐஸைப் பொலித்தீன் பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அவங்கள் அடிக்கேக்கை ஒருத்தரும் வரேல்லையோ?" அத்தான் எழும்பினார். புறங்கையால் அவள் முகத்தில் அடித்தார். மோதிரம் பட்டு வாய்ச் சொண்டு வெடித்தது. பிறகு உள்ளங்கையால் காதோடு சேர்த்து. அவள் விழாமல் இருக்க அடுப்படி மேசையைப் பிடித்தாள். பிடித்த கையை அவர் இழுத்து முறுக்கி மேசை விளிம்பில் வைத்து, தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டார். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நேரம் 5.20. ஐஸ் பை என் கையில் இருந்தது.

மூவரும் ஒரே டாக்சியில் மருத்துவமனைக்குப் போனோம். அக்காவுக்கு அப்போது ஆங்கிலம் நாலு சொல்தான். டாக்டர் அவளுடைய கையைப் பார்த்து, இது எப்படி நடந்தது என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். அக்கா தமிழில் தெளிவாகச் சொன்னாள்: "இவர்தான். வீட்டிலை வைச்சு." திரைச்சீலைக்கு அடுத்த பக்கத்தில் அத்தானுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பஸ் நிறுத்தத்தில் நின்றதையும் அவர் பார்த்திருந்தார். நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: அதே பெடியன்கள்தான், என் அக்காவையும் விடவில்லை.

'பாய்ஸ்' என்ற சொல் அக்காவுக்குத் தெரியும். பேக்கரியில் தினமும் கேட்கிற சொல். அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் எழுதியது. உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு விரல் நீளத்துக்குச் செய்தி வந்தது, இருவர் படமும் போட்டு. அத்தான் அந்தத் துண்டை வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தன் சான்றிதழ்களோடு வைத்தார். மூன்று வருடம் கழித்து அக்காவோடு அமெரிக்காவுக்குப் போகும்போது அதுவும் போனது.

அங்கே அவர் எடுபட்டது அந்தக் கதையால்தான் என்று சொன்னால் அநியாயம். அவர் கெட்டிக்காரர். கூலி பற்றி அவர் எழுதியதைத் தொழிற்சங்கங்கள் கையில் வைத்துக்கொண்டு நடந்தன. ஆனால் மேடையில் அவர் முதலில் நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டுவார். 'என் மனைவியின் கையை முறித்தார்கள்' என்ற இடத்தில் குரல் இறங்கும். சனம் எழுந்து நின்று கைதட்டும். இணையத்தில் நாலு தடவை பார்த்திருக்கிறேன். சட்டசபையில் அவர் நிறைவேற்றிய பெரிய சட்டம் வீட்டில் அடிபடும் பெண்களுக்கான தங்குமிடங்கள் பற்றியது. பொருளியலாளர் அல்லவா, ஒரு கணவனின் அடி எத்தனை வேலை நாட்களைத் தின்கிறது என்று கணக்கிட்டு, பலகையில் வரைந்து காட்டினார். சட்டம் நிறைவேறியது. தங்குமிடங்கள் திறந்தன. இன்றும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு வந்த இரவு அமெரிக்காவிலிருந்து அக்கா எனக்குப் போன் எடுத்தாள். "சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்குப் பதினொரு கிழமை பேக்கரிக்குப் போக ஏலாமல் போனது. அதைச் சேத்தவரோ தெரியாது" என்றாள். பின்னால் கதவு திறந்தது. பிறகு கன்னத்தில் அறை விழும் சத்தம், இன்னொன்று. ரிசீவர் தரையில் விழுந்து உருண்டது. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு அவள் ஒரு சூட்கேசோடு லண்டனுக்கு வந்துவிட்டாள். இடக் காது அப்போதே கேட்காது. விவாகரத்து எடுக்கவில்லை. லண்டனில் வயதுபோன அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அங்கே அவர் சொன்னார். இங்கே நாங்களும் அதையே சொன்னோம். அம்மா செத்து எட்டு வருடமான பிறகும் சொன்னோம்.

அக்கா கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்னர் ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை. நவம்பர் 12 பக்கத்தில் நின்றாள். பிறகு பின்னோக்கி அக்டோபர், செப்டம்பர்.

"இந்தப் பக்கக் கரையிலை சிவப்புப் புள்ளி என்னடா?"

கொப்பியை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"இதிலை ரெண்டு. இதிலை ஒண்டு. இதிலை நாலு." புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். திடீரென்று விரல் நின்றது. "எண்ணிக்கொண்டே இருந்தனியோ?"

"எங்கையாவது எழுதி வைக்கவேணும் எண்டு..."

"அடிக்கிற சத்தம் கேட்டு, பேனையை எடுத்து, எத்தினை எண்டு குத்தியிருக்கிறாய். அடுத்த அறைதானே? கதவைத் தட்டியிருக்கலாமே. 'அத்தான், தேத்தண்ணி வேணுமோ' எண்டு கேட்டிருந்தாலும் ஒரு அடி குறைஞ்சிருக்கும்."

கொப்பியை மூடி என் நெஞ்சில் எறிந்தாள். தடித்த அட்டை. மூலை கழுத்தெலும்பில் பட்டது.

"நான் உன்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். அண்டைக்கு டாக்டருக்குச் சொன்னதை மாத்தி எழுது. மண்டபத்துக்கு வாற எல்லாற்றை கையிலும் போகவேணும். பதினோராம் பக்கத்திலை புலம்பலும் வேண்டாம், தலைப்பும் வேண்டாம். அது ஏலாதெண்டால் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை நான் அந்த மண்டபத்துக்கு வாறதும் இல்லை, இனி உன்ரை வீட்டுப்படி ஏறுறதும் இல்லை."

கீரையை ஆய்ந்து வைத்துவிட்டுப் போனாள். என்னைத் திட்டியபடியே ஆய்ந்தாள்.

5.30க்கு வெளிக்கிட்டேன். லண்டன் பிரிட்ஜில் ரயில் மாறி, 6.40க்கு வெம்பிளியில் தமையனார் வீட்டு மணியை அடித்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய வீட்டுக் காரியம், அவருக்கு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று பட்டது.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. கடை வைத்து உழைத்த தடித்த கைகள். வரவேற்பறையில் அத்தானின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரிந்தது. பக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சட்டசபையின் அனுதாபக் கடிதம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

"வா தம்பி. பிழை ஏதும் இருக்கோ?"

"ரெண்டு இருக்கு அண்ணை." நடந்ததை முழுதும் சொன்னேன். பத்து நிமிடமாவது எடுத்திருக்கும். அவர் இடையில் குறுக்கிடவில்லை.

"உதெல்லாம் ஆருக்குத் தெரியாது?" என்றார் கடைசியில். "அவன் கையை நீட்டினவன்தான். எங்கடை ஐயா எங்களைத் தூணிலை கட்டி வைச்சு அடிச்சவர். அதுக்காக ஐயாவின்ரை கல்வெட்டிலை அதைப் போட்டனாங்களோ?"

"ஐயாவின்ரையிலை பொய் இல்லை அண்ணை. இதிலை அக்கா பேரிலை பொய் இருக்கு."

"நீ சொன்ன பொய்யடா அது! நீ! அவன் ஒரு சொல்லு சொல்லேல்லை, நீதான் டாக்டருக்குச் சொன்னனீ. அடிபட்டவனை விட்டிட்டு ஓடின நாய், இப்ப செத்தவனைக் கடிக்க வந்திருக்கிறாய்."

"ஓம் அண்ணை. அதையும் எழுதத்தான் போறன்."

முதலில் புறங்கை. பிறகு உள்ளங்கை, காதோடு சேர்த்து. அன்று அத்தானின் கை விழுந்த அதே ஒழுங்கு. என் சொண்டு வெடித்து, ரத்தம் உப்புக் கரித்தது. சேர்ட்டைப் பிடித்து என்னைக் கண்ணாடி அலுமாரியோடு மோதினார். கண்ணாடி உடைந்து தோளில் கொட்டியது. உள்ளே இருந்த வெள்ளிக் குத்துவிளக்கு சரிந்து காலில் விழுந்தது. மறுபடி மோதினார். தலையின் பின்பக்கம் மரச்சட்டத்தில் இடித்தது. காதுக்குள் கூவென்ற ஒற்றைச் சத்தம். அக்கா சொல்லியிருக்கிறாள், காது போவதற்கு முதல் அப்படித்தான் கேட்குமாம். கையை உயர்த்தித் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் கழுத்தைப் பிடித்து நெரித்தார். பெருவிரல் குரல்வளையில் அழுந்தியபோது அவருடைய மணிக்கூட்டைப் பார்த்தேன். 7.02.

அப்போதுதான் அவர் கையைத் தள்ளினேன். இரண்டு கையாலும், முழுப் பலத்தோடு. ஐம்பத்துநாலு வயதில் நான் ஒருவரைத் தள்ளியது அதுதான் முதல் தடவை. அவர் பின்னால் கிடந்த செற்றி இருக்கையில் போய் விழுந்தார். மூச்சு வாங்கினார். தன் உள்ளங்கையைப் பார்த்தார், கண்ணாடி கீறி ரத்தம். பிறகு அழத் தொடங்கினார்.

"அவன் நல்லவனடா. எத்தினை பொம்பிளையளுக்கு ஒதுங்க இடம் எடுத்துக் குடுத்தவன்."

"ஓம் அண்ணை. ஏழாம் பக்கத்திலை அது இருக்கு. அதிலை ஒரு சொல்லும் எடுக்க மாட்டன்."

"பழையபடியே ஓட்டச் சொல்லி அச்சகத்துக்கு நான் இப்ப போன் அடிச்சுச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ. அப்ப 'மைத்துனர்' எண்ட பேரையும் எடுக்கச் சொல்லுங்கோ. புலம்பலை ஆர் பாடினதெண்டு ஞாயிற்றுக்கிழமை சனம் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லவேணும். அக்கா வரமாட்டா. மனிசி இல்லாத அந்தியேட்டி."

அவர் போனை எடுக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். "விடு, போ" என்றார். "போய் என்னெண்டாலும் செய். எனக்கு வாசிச்சுக் காட்டாதை."

திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண் கடதாசித் துண்டு ஒன்றை நீட்டி, யார் இப்படிச் செய்தது என்று கேட்டாள். வீட்டு ஆள் என்று சொன்னேன். அந்தப் பதிலை ஆங்கிலத்தில் சொல்வது கடினமாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தோளில் இருந்த மூன்று கண்ணாடிச் சில்லுகளை எடுத்தேன். கீரைக் கறியோடு சோறு சாப்பிட்டேன், சொண்டு எரிந்தது. ஆறாம் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். ஐந்து வரி. அன்றைய நாட்குறிப்பின் கரையில் சிவப்புப் பேனை வைக்கவில்லை. அடித்தவர் யார், எந்த இடத்தில், எத்தனை, நான் என்ன செய்தேன் என்று வசனமாக எழுதினேன்.

மறுநாள் புதன்கிழமை. 5.40க்கு எழும்பி, தேத்தண்ணீருக்கு முன்னால் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் வலக் காதில் வைக்கும் வரை பொறுத்தேன். பிறகு வாசித்தேன்:

"1994 நவம்பர் 12 அன்று தெருவில் நால்வர் அவரைத் தாக்கினார்கள். அவரை விட்டுவிட்டு நான் ஓடினேன். அன்று மாலை வீட்டில் அவர் தம் மனைவியின் இடக் கையை முறித்தார். மருத்துவமனையில் அதைத் தெருவில் தாக்கியவர்கள்மேல் போட்டுப் பொய் சொன்னவன் நான். என் அக்கா அன்றே உண்மையைச் சொன்னாள்."

அவள் வீட்டில் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு இடத்திலை முறிஞ்சது" என்றாள். "ரெண்டு எண்டு போடு."

'இடக் கையை இரண்டு இடத்தில்' என்று திருத்தினேன். பதினோராம் பக்கத்தை வெறுமையாக விட்டேன். 5.58க்கு அச்சகத்துக்கு 'சரி' என்று அனுப்பினேன்.